பெண்பிள்ளைகளுக்கு விண்வெளி அறிவியல் செய்முறைகள்: வேலூர் வட்டார ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் பள்ளியிலோ தெருவிலோ பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு விண்வெளி அறிவியலைக் கையால் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம்.

எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்? எத்தனை பேர் இருக்கலாம்?

ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை நல்ல வயது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் வீட்டிலும் பள்ளியிலும் பொதுத்தேர்வு தவிர வேறு பேச்சு இருக்காது. ஒரு குழுவுக்கு 4 பேர், மொத்தம் 24 பேருக்கு மேல் வேண்டாம், கூட 2 பெரியவர்கள். குழுவில் 5 பேர் ஆனால் ஒருத்தி வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவாள். 3 பேர் என்றால் ஒருத்தி வராத அன்று வேலை நின்றுவிடும்.

நாலு பேருக்கும் நாலு வேலை: ஒருத்தி செய்வாள், ஒருத்தி அளப்பாள், ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு வாரமும் இந்த வேலைகள் கை மாற வேண்டும். யாருக்கு எது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் கையெழுத்து அழகாக இருக்கிற பிள்ளை வருடம் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பாள், கத்தரிக்கோல் ஒரு தடவைகூட அவள் கைக்கு வராது.

பையன்களையும் சேர்த்து நடத்தலாமா?

நடத்தலாம். ஆனால் முதல் 4 வாரம் பெண்பிள்ளைகளை மட்டும் வைத்து நடத்துவது நல்லது என்பது எங்கள் கருத்து. கலந்த குழுவில் பம்பும் ரம்பமும் முதல் 5 நிமிஷத்திலேயே யார் கைக்குப் போகின்றன என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவு என்பதல்ல காரணம். வீட்டில் சைக்கிளுக்குக் காற்றடிக்கவும் ஃபியூஸ் போடவும் பையனைத்தான் கூப்பிடுகிறோம், அந்தப் பழக்கம் அவனுக்கு இருக்கிறது. நாலு வாரம் பம்பைப் பிடித்துப் பழகிய பிள்ளை, அதற்குப் பிறகு கேட்காமலே எடுத்துக்கொள்வாள்.

பெரியவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒரு பிள்ளை திணறுகிறாள் என்றதும் "குடும்மா, நான் பண்ணித் தரேன்" என்று கையிலிருந்து வாங்காதீர்கள். எங்கே இடிக்கிறது என்று கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கையில் காசே இல்லை. முதல் நாள் எதைச் செய்யலாம்?

சூரியனை அளக்கலாம். 10 செ.மீ. சதுரத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, 5 மி.மீ. துளை போட்ட கறுப்பு அட்டை, செல்லோ டேப், அளவுகோல் போதும். அட்டையால் கண்ணாடியை மூடி ஒட்டி, வாசல் வெயிலில் வைத்து, வெளிச்சத்தை இருட்டான வகுப்பறைச் சுவருக்குத் திருப்புங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருந்தால் சுமார் 9 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டம் விழும். அது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். துளையை முக்கோணமாக வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதும் வட்டமாகத்தான் விழும். பிள்ளைகள் அசந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

இனி கணக்கு. பிம்பத்தின் அகலத்தைத் தூரத்தால் வகுத்து, சூரியன் இருக்கும் 15 கோடி கிலோமீட்டரால் பெருக்க வேண்டும். 10 மீட்டருக்கு 9.2 செ.மீ. வந்தால் 13.8 லட்சம் கி.மீ. சூரியனின் உண்மையான விட்டம் 13.9 லட்சம் கி.மீ. ஓரம் மங்கலாக இருப்பதால் ஒவ்வொருத்தியும் ஓர் அளவு சொல்வாள். நாலு பேர் அளவையும் கூட்டிச் சராசரி எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை: நேராகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணாடியிலிருந்து வரும் வெளிச்சத்துக்குக் குறுக்கே முகத்தை நீட்டவும் கூடாது. அன்றைக்குப் பாதுகாப்பு பார்க்கும் பிள்ளை கண்ணாடிப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

நிழலில்லா நாள் என்கிறார்களே, அது வேலூருக்கு எப்போது வரும்?

வேலூர் 12.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும்: ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு தடவை. திருப்பத்தூரில் ஏப்ரலில் ஒரு நாள் முன்னால் வரும், அரக்கோணத்தில் சற்றுப் பிந்தி வரும். ஏப்ரலில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வரும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும், மேகம் வந்து கெடுக்கும். ஆகவே ஒரே நாளை நம்பாமல் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் ஒதுக்குங்கள்.

பலரும் சரியாக 12 மணிக்குப் பார்த்துவிட்டு, நிழல் இருக்கிறதே என்று ஏமாந்து போகிறார்கள். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. வேலூர் அதற்கு மேற்கே 79.1-இல் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிஷம் என்றால் சராசரியாகப் பதின்மூன்றரை நிமிஷம் தாமதம். பூமியின் பாதை நீள்வட்டம், அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் முன்பின் ஆகும். ஏப்ரல் 24 அன்று உச்சி நேரம் சுமார் 12.12, ஆகஸ்ட் 18 அன்று சுமார் 12.17.

குச்சி நட்டு நிழலை அளந்தால் எங்களுக்கு எப்போதும் தப்பாகவே வருகிறதே?

பெரும்பாலும் மூன்று காரணம். ஒன்று, குச்சி செங்குத்தாக இல்லை. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒத்துப் பாருங்கள். இரண்டு, தரை சமமில்லை. ஒரு தட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று வழிந்து காட்டிவிடும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: நிழலின் நுனிக்குக் கூர்மையே கிடையாது. சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமான தட்டு. 1 மீட்டர் குச்சியின் நுனி நிழல் கிட்டத்தட்ட 9 மி.மீ. மங்கலாகத்தான் விழும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. குச்சியின் உச்சியில் 5 மி.மீ. துளை போட்ட ஓர் அட்டையைப் படுக்கையாக ஒட்டுங்கள். நிழலுக்கு நடுவே சின்ன ஒளிவட்டம் ஒன்று விழும், அதன் மையத்தைப் பென்சிலால் குறிக்கலாம். துளைக்கு நேர் கீழே எந்த இடம் என்பதைத் தூக்குநூலால் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். 11.45-இலிருந்து 12.45 வரை 5 நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் மிகக் குறுகிய நிழல் எது என்று தெரிந்துவிடும். அந்தக் கோடுதான் சரியான வடக்கு தெற்கு. ஏப்ரல் 24-க்கும் ஆகஸ்ட் 18-க்கும் நடுவில் வேலூரில் உச்சி நிழல் தெற்கே விழும். நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று மனப்பாடம் பண்ணிய பிள்ளை அதைத் தரையிலேயே பார்த்துத் திருத்திக்கொள்வாள்.

இதை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பண்டைக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்த அதே முறைதான். நாகர்கோவில் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் சுமார் 8.2 பாகையில் இருக்கிறது. வேலூரில் நிழலில்லாத அன்று அங்கே உச்சி நேரத்தில் 1 மீட்டர் குச்சிக்குத் தெற்கே சுமார் 8.3 செ.மீ. நிழல் விழும். நிழலைக் குச்சியின் உயரத்தால் வகுத்து, டான் அட்டவணையில் தேடினால் கோணம் 4.7 பாகை சொச்சம் வரும். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்குத் தூரம் ஏறக்குறைய 526 கி.மீ. அதை 360-ஆல் பெருக்கிக் கோணத்தால் வகுத்தால் 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

பஸ் போகிற தூரத்தைப் போட்டால் விடை பெரிதாகிவிடும். ஓர் ஊரின் அட்சக்கோட்டிலிருந்து மற்ற ஊரின் அட்சக்கோடு வரை வடக்கு தெற்காக நேரே அளந்த தூரமே வேண்டும். ஒவ்வோர் ஊரும் தன் உச்சி நேரத்தில்தான் அளக்க வேண்டும், போன் போட்டு ஒரே நிமிஷத்தில் அளந்தால் தப்பு. நிழலில் 1 மி.மீ. பிசகினால் சுற்றளவில் சுமார் 500 கி.மீ. மாறும். இதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். 39,500 வந்த குழு தோற்றுப்போனதாக நினைக்காமல், ஒரு மில்லிமீட்டர் எங்கே போனது என்று தேட ஆரம்பிக்கும்.

தண்ணீர் ராக்கெட்டுக்கு என்னென்ன வேண்டும்?

சோடா, கோலா வந்த 1.25 லிட்டர் பாட்டில் மட்டும். குடிதண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. அதன் வாயில் இறுக உட்காரும் கூம்பு வடிவ ரப்பர் தக்கை, ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வால்வு, அழுத்தமானி உள்ள கால் பம்பு, பம்புக்கும் வால்வுக்கும் நடுவே 4 மீட்டர் கம்ப்ரசர் ஓஸ், அதை இறுக்க கிளிப். இறக்கைக்கு பிளெக்ஸ் கடையில் மிஞ்சிய சன்போர்டு. தலைக்கு 50 கிராம் களிமண், அதன் மேல் பாதியாக வெட்டிய பஞ்சுப் பந்து. கூரான மூக்கு வைக்கவே வேண்டாம், விழும்போது யார் மேலாவது பட்டால் ஆபத்து.

தக்கைக்கு நடுவில் வால்வைவிடக் கொஞ்சம் சின்னதாகத் துளை போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி வால்வைத் திருகி இழுங்கள். துளை பெரிதானால் காற்று ஒழுகும். பாட்டிலுக்கு இறக்கை ஒட்ட ஹாட் குளூ கூடாது, சூட்டில் பாட்டில் சுருங்கி அந்த இடமே பிறகு கிழியும். இருபக்க டேப்பும் துணி டேப்பும் போதும். இறக்கை 3 அல்லது 4, சம இடைவெளியில், பாட்டிலின் வாய்ப்பக்கம்.

ஏவுவதற்கு முன் சுழற்சிச் சோதனை: தண்ணீர் இல்லாத ராக்கெட்டை அது சமநிலையில் தொங்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் நல்லது. பக்கவாட்டில் புரண்டால் மூக்கில் களிமண் போதவில்லை, அல்லது இறக்கை சின்னது.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று?

1.25 லிட்டருக்கு 400 மி.லி. தண்ணீர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர்தான் பின்னால் சீறி ராக்கெட்டைத் தள்ளுகிறது. அது குறைந்தால் தள்ள ஆளில்லை. கூடினால் காற்றுக்கு இடமில்லை, பாரமும் ஏறுகிறது. இதை நீங்கள் சொல்லித் தராதீர்கள். 200, 400, 600, 800 என்று ஆளுக்கொரு அளவு கொடுத்து, எது உயரம் போகும் என்று முதலில் எழுதி வாங்கிவிட்டு ஏவச் சொல்லுங்கள்.

இந்த வகையில் தக்கை பிடி விடும்போது ராக்கெட் தானாகவே கிளம்பும், பெரும்பாலும் அழுத்தமானி 25 முதல் 40 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டுவதற்குள். எந்த நொடி என்று சொல்ல முடியாது. அதனால் பம்பு அடிக்கும் பிள்ளை 4 மீட்டர் தள்ளி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி. 50 தாண்டியும் கிளம்பாவிட்டால் பக்கத்தில் போகாமல், பம்புப் பக்கத்திலேயே ஓஸைக் கழற்றிக் காற்றை இறக்குங்கள். அடுத்த தடவை தக்கையை அவ்வளவு அழுத்தாதீர்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை: பாட்டிலை வெயிலில், அதுவும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள், இளகி வலு குறையும். வெள்ளைக் கோடு விழுந்த பாட்டில், 15 தடவை ஏவிய பாட்டில், இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆடிக் காற்றில் ராக்கெட் ஏவ வேண்டாம், பக்கத்துத் தெரு மொட்டைமாடிக்குப் போய்விடும். மின்கம்பி இல்லாத மைதானம் கட்டாயம்.

எவ்வளவு உயரம் போனது என்று எப்படித் தெரியும்?

பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, மையத்திலிருந்து நட்டுக் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். ராக்கெட் உச்சியைத் தொடும்போது ஸ்ட்ரா வழியாகப் பார்த்து, நூலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். 90-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஏறுகோணம். கழிக்க மறப்பதுதான் எல்லாக் குழுவும் செய்யும் முதல் தப்பு.

நிற்கும் தூரத்தை ஏறுகோணத்தின் டான் மதிப்பால் பெருக்கினால் உயரம்: 30 மீட்டர் தள்ளி நின்று 30 பாகை வந்தால் 17 மீட்டர், 45 வந்தால் 30 மீட்டர், 60 வந்தால் 52 மீட்டர். கூடவே பார்ப்பவளின் கண் உயரம், சுமார் 1.4 மீட்டர். ராக்கெட் ஒருத்தியைப் பார்த்துச் சாய்ந்தால் கோணம் கூடிக் காட்டும். அதனால் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு பேரை நிறுத்திச் சராசரி எடுங்கள். "டான் தீட்டா எதுக்கு மிஸ்?" என்ற கேள்வி அதற்கப்புறம் வராது.

மழை நாளில் உள்ளேயே செய்ய ஏதாவது?

நிலாப் பள்ளங்கள். ஒரு டப்பில் 7 செ.மீ. ஆழத்துக்கு சலித்துக் காய வைத்த மணல், மேலே மெல்லியதாக வெள்ளைக் கோலமாவு, அதற்கும் மேலே ஒரு தூவல் கலர் கோலப்பொடி. கோலிக்குண்டை 25 செ.மீ., 50 செ.மீ., 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுங்கள். கலருக்கு நடுவே வெள்ளைக் கதிர்கள் சுற்றிலும் தெறித்து நிற்கும். முழு நிலவில் டைக்கோ பள்ளத்தைச் சுற்றித் தெரிவதும் இதே மாதிரிக் கதிர்கள்தான். 25-லிருந்து 1 மீட்டர் என்றால் உயரம் 4 மடங்கு, பள்ளமும் 4 மடங்கு என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அளந்தால் ஒன்றரை மடங்குகூட வராது. ஆற்றலில் பெரும்பகுதி மணலைக் கிளறித் தூக்கவே செலவாகிவிடுகிறது. ஈர மணலில் பள்ளம் கிண்ணம் மாதிரி வராது. மணல் ஆழம் குறைந்தால் குண்டு அடியில் இடிக்கும்.

சந்திரயான் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோ பயன்படுத்திய நிலா மண்ணுக்கு மூலப்பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைத்த அனார்த்தசைட் என்பதை இந்த டப்பைச் சுற்றி நிற்கும்போது சொல்லுங்கள்.

தொலைநோக்கி வாங்க வேண்டுமா?

முதல் வருடம் வேண்டாம். ஒரு 10×50 பைனாகுலர் போதும். அதில் வியாழனின் நிலாக்கள், கார்த்திகைக் கூட்டம், நிலாவின் பள்ளங்கள் தெரியும். கை நடுங்கும், நாற்காலி முதுகில் முழங்கையை ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாத இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம். கல்யாணத்தில் காட்டுகிற அருந்ததி, வசிட்டனுக்குப் பக்கத்தில் மினுக்கும் அந்தச் சின்ன நட்சத்திரம்தான். எத்தனை பேருக்கு வெறும் கண்ணால் அது தெரிகிறது என்று எண்ணிக்கை எடுங்கள்.

காவலூருக்குக் கூட்டிப் போகலாமா?

அவசியம். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. அதன் ஆடி நம் நாட்டிலேயே தேய்க்கப்பட்டது. 1988-இல் இந்த ஆய்வகத்தில் கண்டுபிடித்த சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயர். பொதுமக்கள் பார்க்கச் சனிக்கிழமை விடுகிறார்கள். போவதற்கு முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொலைநோக்கி ஆராய்ச்சிக்கு. பார்வையாளர்கள் வானத்தைப் பார்ப்பது சிறிய ஒன்றில். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கலுக்குப் பிறகு போவது நல்லது. மலையில் குளிரும், சால்வை வேண்டும். அறிவியல் ஆசிரியரோடு இரண்டு அம்மாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அனுமதி வாங்குவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ராத்திரி நிகழ்ச்சிக்கு வீட்டில் விடமாட்டார்களே?

அவர்கள் பயம் நியாயமானது. அதற்கு ஏற்றபடி நேரத்தை மாற்றுங்கள். ஜனவரியில் 6 மணியை ஒட்டி சூரியன் மறைகிறது, 7 மணிக்கு நன்றாக இருட்டிவிடும். 7.45-க்கு முடித்துவிடலாம். தாளில் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல் அப்பாவையோ தாத்தாவையோ கூட வரச் சொல்லுங்கள். மகளே பைனாகுலரைச் சரிபண்ணித் தந்து, வியாழனின் நிலாவைப் பார்த்த அப்பா, அடுத்த மாதம் "எப்போ மிஸ்?" என்று கேட்பார்.

உடை, மாதவிலக்கு பற்றியெல்லாம் யோசிக்க வேண்டுமா?

கட்டாயம். துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிச்சு, சடை பின்னால், கண்ணாடி வளையலைக் கழற்றி வைக்க வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்தில் தண்ணீரோடு கழிப்பறை இல்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். நாப்கின் பெட்டியைக் கருவிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கேட்டு வாங்கும் நிலை வேண்டாம். பல பிள்ளைகள் "வயித்து வலி" என்று வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

என் மகளுக்குக் கணக்கு வராது. அவளுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

சரிப்படும். மேலே சொன்னவற்றில் பெருக்கல், வகுத்தல், ஒரு டான் அட்டவணை தவிர வேறு கணக்கே இல்லை. அவளை முதலில் செய்பவளாக வையுங்கள், அளப்பவளாக மூன்றாவது வாரம். தான் கட்டிய ராக்கெட்டின் உயரம் என்றால், அந்த எண்ணை அவளே போட்டுப் பார்ப்பாள்.

செய்தது சொதப்பினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்களே?

அவர்களுக்கு ஆசாதிசாட் பற்றிச் சொல்லுங்கள். 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் பங்கோடு உருவான செயற்கைக்கோள். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் கிளம்பியது. உணர்கருவிக் கோளாறில் ராக்கெட் சரியான வட்டப்பாதைக்குக் கொண்டுபோகவில்லை, செயற்கைக்கோள் வீணானது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதையில் சேர்ந்தது. நடுவில் ஆறு மாதம். ஏன் தவறியது என்று தேடி எழுதிய மாதங்கள் அவை. உங்கள் குழுவின் நோட்டிலும் "என்ன ஆச்சு, ஏன், அடுத்த தடவை எதை மாற்றுவோம்" என்று மூன்று வரிக்கு எப்போதும் இடம் இருக்கட்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். தண்ணீரையும் இறக்கையையும் சேர்த்து மாற்றினால் எதனால் நடந்தது என்று தெரியாது.

இந்தத் துறையில் நம் பெண்கள் யார் இருக்கிறார்கள்? அடுத்து எங்கே போகலாம்?

சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். சந்திரயான்-2 திட்ட இயக்குநராக இருந்தவர் மு. வனிதா. ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்த ந. வளர்மதி அரியலூரைச் சேர்ந்தவர். தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை முதன்முதலில் பெற்றவர் அவர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ யுவிகா என்ற பயிற்சி நடத்துகிறது, அறிவிப்பு வருடத் தொடக்கத்தில் வரும். ஆறு முதல் எட்டு வரை அரசுப் பள்ளிகளில் வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டம் இருக்கிறது. அதன் கருவிகளையும் நேரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருள்களை எங்கே வைப்பது?

இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று. ரப்பர் தக்கையை மாவு தூவி வையுங்கள், இல்லாவிட்டால் கோடையில் ஒட்டிக்கொள்ளும். வால்வுக்கு மூடி, பைனாகுலருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். உள்ளே இருக்கும் பொருள் பட்டியலை மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பெட்டியின் சாவி தலைமை ஆசிரியர் அறையில் தொங்க வேண்டாம். அந்த வாரம் பாதுகாப்பு பார்க்கிற பிள்ளையிடம் இருக்கட்டும்.